பேருக்கு ஒரு டீச்சர்

நீதான் பண்ணினாய். வேறு யாரும் இல்லை, நீதான். உன் பேர் தெரியாது, முகம் தெரியாது, மீசை வைத்தவனா மழித்தவனா, ஆம்பளையா பொம்பளையா என்றுகூடத் தெரியாது. ஆனால் ஏதோ ஒரு மத்தியானம், இதே மாதிரி மின்விசிறி முனகுகிற ஓர் அறையில் உட்கார்ந்து, சாப்பிட்ட கையைத் துடைத்துக்கொண்டு, அந்த ஒற்றை வரியை எழுதிவிட்டுக் கொட்டாவியோடு எழுந்து போனாய், உன்னால்தான் இன்றைக்கு நான் இந்த இரும்பு நாற்காலியில் இடுப்பு கடுக்க உட்கார்ந்திருக்கிறேன் என்று மயிலாத்தாள் அந்த முகமில்லாத ஆளை மனசுக்குள் நிற்கவைத்துத் திட்டிக்கொண்டிருந்தாள். உதடும் அசைந்திருக்க வேண்டும், பக்கத்தில் இருந்த எஸ்தர்ராணி டீச்சர், "என்னக்கா?" என்று திரும்பினாள். "ஒண்ணுமில்ல அம்மிணி, நீ சும்மா சாஞ்சுக்க." பல்கலைக்கழக நிர்வாகக் கட்டடத்தின் இரண்டாம் மாடி. நீளமான நடை, எதிரே சாத்திய கதவு, கதவில் ஒருங்கிணைப்பாளர் பரந்தாமன் என்று பித்தளையில் பேர். பேர்க்காரர் சாப்பிடப் போயிருந்தார். காலையில் ஒரு வழி சொல்லியிருந்தார், யோசித்து மத்தியானம் முடிவைச் சொல்லுங்கள் என்று வெளியே அனுப்பியிருந்தார். முடிவைச் சொல்ல வேண்டியவள் மயிலாத்தாள். சுண்டைமலை அரசு மேல்நிலைப் பள்ளியின் மேலாண்மைக் குழுத் தலைவி அவள்தான். படிக்கிற பிள்ளையின் அம்மா ஒருத்தி தலைவியாக வேண்டும் என்றபோது ஊரே இவளைக் கைகாட்டியது, எருமை யாவாரம் பண்ணுகிறவள், யாருக்கும் பயப்படாத வாய் என்று. அந்த வாய் இப்போது வறண்டு கிடந்தது. நடையின் கோடியில் தண்ணீர்க் குடம் இருந்தது, எழுந்து போனால் அந்த நேரம் பார்த்து அவர் வந்துவிடுவாரோ என்றிருந்தது. பள்ளியில் கல்லூரிப் பாடம் நடத்தும் ஆசிரியர் அதே பாடத்தில், கல்லூரிக்கு நேரில் சென்று பயின்று, முதுகலைப் பட்டம் பெற்றவராக இருக்க வேண்டும். இவ்வளவுதான் நீ எழுதிய வரி. எழுத எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? ஒரு எருமை அசைபோட்டு விழுங்குகிற நேரம்கூட ஆகியிருக்காது. அதற்குள் மலைமேல் பதினேழு பிள்ளைகள் வருஷம் பூராவும் சனிக்கிழமை சனிக்கிழமையாக உட்கார்ந்து படித்து, பரீட்சையும் எழுதி முடித்தது ஒன்றுமில்லாமல் போய்விட்டது. நடத்தியவர் தகுதியற்றவர், ஆகவே மதிப்பெண் செல்லாது. தகுதியற்றவர். பல்கலைக்கழகத்திலிருந்து வந்த அந்தக் கடிதத்தை எஸ்தர் டீச்சர் வாசித்துக் காட்டியபோது, யாரோ மூன்றாம் மனுஷியைப் பற்றி வாசிக்கிற மாதிரி, குரல் நடுங்காமல் வாசித்தாள். மயிலாத்தாள்தான் அந்தக் காகிதத்தைப் பிடுங்கி நாலாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

அவளுக்குத் தகுதி இல்லையாம், அப்படியானால் எனக்கு என்ன தகுதி இருந்தது எருமையின் வாலைப் பிடிக்க, என்று நினைப்பு வேறு பக்கம் இழுத்தது. புருஷன் போன பிறகு முதல்முறை சந்தைக்குள் காலை வைத்த நாள். ஆம்பளைகள் துண்டைப் போட்டு மூடி, அதற்குள் கையை விட்டு, விரலைப் பிடித்து விலை பேசுவார்கள். வெளியே நிற்பவனுக்கு ஒன்றும் தெரியாது. பொம்பளை விரலை எப்படிப் பிடிப்பது என்று ஒவ்வொருத்தனும் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு நகர்ந்தான். ஒருத்தன், "ஏனம்மிணி, ஊட்ல சோறாக்க ஆளில்லீங்களா?" என்றான். "உன்ற ஊட்ல ஆக்குன சோறு பத்தலயாட்ட இருக்குது, அதான் என்ற சோத்த விசாரிக்கற" என்று இவள் கத்தியதில் சந்தையே திரும்பியது. அன்றிலிருந்து துண்டு கிடையாது, விரல் கிடையாது, விலையை வாய்விட்டுத்தான் சொல்வாள், எதிராளியும் வாய்விட்டுத்தான் சொல்ல வேண்டும். அப்படிப் பழகின வாயால்தான் இந்தப் படிப்பையும் மலைக்கு ஏற்றினாள். கீழே டவுனைச் சுற்றின பள்ளிக்கூடங்களில் பன்னிரண்டாவது படிக்கும்போதே கல்லூரிப் பாடம் ஒன்றை முடித்துக்கொள்கிறார்கள், தேறினால் கல்லூரியில் அந்தப் பாடம் கழிந்துபோகும், சேர்க்கையில் முன்வரிசை கிடைக்கும் என்று கேள்விப்பட்டு, கீழே இருக்கறவன் பிள்ளைதான் பிள்ளையா என்று இதே கட்டடத்துக்கு வந்து சண்டை போட்டாள். பரந்தாமன் ஜீப்பில் மேலே வந்தார். எஸ்தர் டீச்சர் வகுப்பில் கடைசி பெஞ்சில் பிள்ளைகளோடு உட்கார்ந்து ஒரு பீரியடு முழுக்கக் கேட்டார். என்ன படித்திருக்கிறீர்கள் என்று அவர்தான் கேட்டார், கணக்கில் முதுகலை சார், அஞ்சல் வழியில் என்று டீச்சரும் ஒளிக்காமல்தான் சொன்னாள். புள்ளியியல் பாடத்துக்குக் கணக்கு போதும்மா, பிரமாதமா நடத்துறீங்க, ஆரம்பிச்சிருங்க என்று அவர் வாயால் சொன்னார், தலைமையாசிரியரின் கையைப் பிடித்துக் குலுக்கினார், டீ குடித்தார். அவர் ஜீப்பில் ஏறுகிறபோது தலைமையாசிரியர் இவள் பக்கம் குனிந்து, "எழுத்துல ஒரு உத்தரவு வாங்கிக்கலாமுங்களா?" என்று முணுமுணுத்தார். "ஏனுங் சார், பல்லப் பாத்து, நடையப் பாத்து, கயிறும் மாத்தியாச்சு. பொறகென்னங்க உத்தரவு?" என்று இவள்தான் அவர் வாயை அடைத்தாள். சந்தையில் அதுதான் முறை. விற்கிறவன் தன் கயிற்றை அவிழ்த்துக்கொண்டு, வாங்குகிறவன் தன் கயிற்றைப் போட்டுவிட்டால் தீர்ந்தது. வழியில் எருமை கால் மடங்கி விழுந்தாலும் வாங்கினவன் பாடு, வீட்டுக்குப் போய் வாயைத் திறந்து பல்லை எண்ணிவிட்டு மாட்டை ஓட்டிக்கொண்டு திரும்பி வருகிறவனோடு அப்புறம் எவனும் பேச மாட்டான். கயிறு மாற்றி, ஒரு வருஷம் பாலும் கறந்துவிட்டு, பல்லு சரியில்லை என்று வந்து நிற்கிற ஒரு ஆபீஸ் இருக்கும் என்று இவளுக்கு எப்படித் தெரியும். தலைமையாசிரியருக்குத் தெரிந்திருக்கிறது. இன்றைக்கு வரைக்கும் அந்த மனுஷன் ஒரு வார்த்தை சொல்லிக் காட்டவில்லை. சொல்லிக் காட்டியிருந்தால் இரண்டு பதில் கொடுத்துவிட்டு ஆறியிருக்கலாம், சொல்லாததுதான் நெஞ்சில் சோளத்தட்டு மாதிரிக் குத்திக்கொண்டு நின்றது.

மின்விசிறி ஒவ்வொரு சுற்றுக்கும் ஒருமுறை முனகியது. எங்கோ தட்டச்சு ஓசை, எங்கோ ஒருவர் செருப்பைத் தேய்த்துத் தேய்த்து நடந்தார், மயிலாத்தாள் நிமிர்ந்து பார்த்தாள், அவர் இல்லை. பக்கத்தில் டீச்சர் கண்ணை மூடியிருந்தாள். வலது கை விரலிடுக்கில் சுண்ணாம்புக்கட்டியின் வெண்மை, எத்தனை கழுவினாலும் போகாது போலிருக்கிறது. இடது கை மணிக்கட்டுக்கு மேலே பழைய தழும்பு, நூற்பு மில்லில் ஓடுகிற நூல் அறுத்தது. சாத்தான்குளம் பக்கத்திலிருந்து பதினெட்டு வயசில் இந்த ஜில்லா மில்லுக்கு வந்தவள். மில் விடுதியில் ஒரு அறையில் எட்டுப் பேர், ஷிப்டு முடிந்து வந்து மற்றவர்கள் படுத்துக்கொள்ள, இவள் பஞ்சு படிந்த தலையோடு கட்டிலில் கணக்குப் புத்தகத்தை விரித்துக்கொண்டு உட்காருவாளாம். கல்லூரிக்கு நேரில் சென்று பயின்று. நேரில் போகிற கால் எல்லாம் அப்போது மில்லில் நின்றுகொண்டிருந்தது, அது உனக்குத் தெரியுமா? தெரியாது. அவள் நேரில் போகாமல் படித்ததால் அவளுக்குக் கணக்கு கொஞ்சம் குறைவாக வருகிறதா? இரண்டும் மூன்றும் அவளுக்கு மட்டும் நாலரையா? இவளுக்கு முன்னால் கணக்குக்கு வந்த ஆசிரியர்கள் எல்லோரும் மலைக்கு மாற்றலாகி வந்த அன்றே இறங்குகிற மாற்றலுக்கு எழுதிப் போட்டவர்கள். ஒருத்தர் பெட்டியைப் பிரிக்கவே இல்லை. இவள் ஒருத்திதான் வந்து வாடகைக்கு வீடு பிடித்து, பால் யாரிடம் வாங்குவது என்று கேட்டவள். "உங்க எருமை எத்தன லிட்டரு கறக்கும்க்கா?" என்றுதான் முதல் பேச்சே. அந்தக் கேள்வி எங்கே போய் முடிந்தது! பிள்ளைகளைச் சந்தைக்கே கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள். யாவாரி சொல்கிற லிட்டர் எவ்வளவு, வாங்கினவன் வீட்டில் கறந்தது எவ்வளவு என்று பிள்ளைகள் மாட்டுக்காரர் ஒவ்வொருத்தரையும் போய்க் கேட்டு எழுதிக்கொண்டு வந்தன. விற்பதற்கு முந்தின வேளை கறக்காமல் மடியைக் கனக்க விடுவது சந்தைக்கே தெரிந்த சங்கதிதான், ஆனால் அதை ஒரு பள்ளிக்கூடமே கரும்பலகையில் படம் போட்டு, எவன் எவ்வளவு ஏற்றிச் சொல்கிறான் என்று கோடு கிழித்துக் காட்டியதில், எல்லாக் கோட்டுக்கும் மேலே நின்ற கோடு மயிலாத்தாளுடையது. மகள் மௌனிகா வீட்டுக்கு வந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். இவள் நேராகப் பள்ளிக்கூடத்துக்குப் போய், "ஏனம்மிணி, என்ற யாவாரத்துக்கு ஒல வெச்சிட்டு நீ பாடம் நடத்துவியா?" என்று வாசலில் நின்று கத்தினாள். டீச்சர் கொஞ்சமும் அசராமல், "நீங்க சொல்லுத லிட்டருல எவ்வளவு கழிக்கணும்னு இப்ப பிள்ளைகளுக்குத் தெரியும். உண்மைய எப்படிக் கண்டுபிடிக்கதுன்னு சொல்லித்தாரதுதாங்க்கா இந்தப் பாடம்" என்றாள். கோபத்தோடு திரும்பி வந்தவள் பாதி வழியில் தனியாகச் சிரித்ததை யாரும் பார்க்கவில்லை. அந்த வாரத்திலிருந்து சந்தையில் இரண்டு யாவாரிகள் இவளைப் பார்த்தாலே, "வாங்க வாங்க, கோட்டம்மா வந்துட்டாங்க" என்றார்கள். இருக்கட்டும். இந்த டீச்சர்தான் தகுதியற்றவர். போய்யா நீயும் உன்ற தகுதியும்.

ஆனால் பரந்தாமன் சொன்ன வழி கெட்ட வழி இல்லையே என்று இன்னொரு குரல், அதுவும் இவளுடைய குரல்தான், யாவாரக் குரல், காதோரம் ஊர்ந்தது. காலையில் அவர் கோபப்படவில்லை, நாற்காலி போடச் சொன்னார், அம்மா அம்மா என்றார். "பாருங்கம்மா, விதியை நான் மீற முடியாது. ஆனா பிள்ளைங்க பாவம். டவுன் கல்லூரியில புள்ளியியல் பேராசிரியர் ஒருத்தர் இருக்கார், நமக்கு வேண்டியவர். வருஷம் பூரா அவர்தான் பாடம் நடத்தினார்னு காட்டிக்குவோம். உங்க டீச்சரை அவருக்கு உதவியாளர்னு போட்டுக்கலாம். பிள்ளைங்க ஒவ்வொருத்தரும் அவர்தான் நடத்தினார்னு ஒரு கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டா மார்க் செல்லும். நான் பாத்துக்கறேன்." பேருக்கு ஒரு டீச்சர். வந்து நின்ற விலை இது. ஒத்துக்கொண்டால் பதினேழு பிள்ளைகளுக்கும் மார்க் உண்டு, மௌனிகாவுக்கு முன்வரிசை உண்டு, அவள் கல்லூரிக்குப் போவாள், இந்த மாதிரி ஒரு கட்டடத்தில் உள்பக்கத்து நாற்காலியில் உட்காருவாள். ஒத்துக்கொள்ளாவிட்டால். அந்த இடத்தில் நினைப்பு காலை ஊன்றிக்கொண்டு நகர மறுத்தது. ஒத்துக்கொள்ளாவிட்டால் முன்வரிசை இல்லை, கல்லூரியில் இடம் கிடைப்பதே சந்தேகம், மே மாசம் வரும், மில் வேன் மலை ஏறும், பிஸ்கட் பொட்டலமும் சிரித்த முகமுமாக ஏஜென்ட் இறங்குவான், பன்னிரண்டாவது முடித்து வீட்டில் இருக்கிற பெண்பிள்ளைகளை விசாரிப்பான், சாப்பாடு இருக்குது, விடுதி இருக்குது, டிவி இருக்குது என்பான், சாயங்காலம் வேன் இறங்குகிறபோது ஜன்னலெல்லாம் நம்ம ஊர்ப் பிள்ளைகளின் கையாக இருக்கும். போன வருஷம் அந்த ஜன்னலில் பெருமாயி மகள் கையை ஆட்டிக்கொண்டே போனாள், தீபாவளிக்குத் திரும்பி வந்தபோது இருமினாள். மௌனிகாவை அந்த ஜன்னலில் வைத்துப் பார்த்த மயிலாத்தாள் முந்தானையை இழுத்து முறுக்கிக்கொண்டாள். காலையில் பஸ் ஏற்றிவிடும்போது மகள் சொன்னது, "அம்மா, அங்க போயிக் கத்தி கித்தி வெச்சுராத. தயவு பண்ணி. என்ன சொல்றாங்களோ கேட்டுட்டு வா." சரி கண்ணு என்றுதான் வந்தாள். கத்தவும் இல்லை. யாவாரம் என்றால் என்ன, கேட்டது கிடைக்காதபோது கிடைத்ததை வாங்கிக்கொண்டு சிரித்த முகமாக வீடு வந்து சேர்வதுதானே. மடியைக் கனக்க விட்டு விற்றவளுக்கு இந்தப் பொய் பெரிய பொய்யா? இல்லை, ஆனால் அது வேறே, இது வேறே, எப்படி வேறே என்று கொஞ்ச நேரம் பிடிபடாமல் இருந்தது, நகத்தால் நாற்காலியின் பெயிண்ட்டைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். சந்தையில் நான் ஏற்றிச் சொல்கிறேன் என்று வாங்குகிறவனுக்குத் தெரியும், அவன் குறைத்துக் கேட்கிறான் என்று எனக்குத் தெரியும், ரெண்டு பேரும் பொய் சொல்லி ரெண்டு பேரும் கழித்துக்கொண்டு நடுவில் எங்கோ நிற்போம். இதில் கழித்துக்கொள்ள யார் இருக்கிறார்கள்? மௌனிகா கையெழுத்துப் போடுவாள், பார்த்தே இராத ஒரு ஆம்பளைதான் எனக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தார் என்று, உண்மையை எப்படிக் கண்டுபிடிப்பது என்று சொல்லிக்கொடுத்தவளின் எதிரிலேயே உட்கார்ந்து. டீச்சரே பேனாவை எடுத்துக் கொடுப்பாள். கொடுப்பாள், அவள் அப்படிப்பட்டவள்தான். அடுத்த வருஷம்? அந்தப் பேராசிரியர் மலை ஏறுவாரா? ஏற மாட்டார். வருஷா வருஷம் பேருக்கு அவர், பாடத்துக்கு இவள். ஒருநாள் அந்தப் பேரும் வேண்டாம் என்று அவர் விலகிக்கொண்டால் வகுப்பை இழுத்து மூடுவார்கள், சுண்டைமலையில் எப்போதாவது ஒரு டீச்சர் இதை நடத்தினாள் என்பதற்கு ஒரு தடம்கூட இருக்காது. அப்புறம் யாராவது மறுபடி கேட்டு வந்தால், மலையில இதுக்கெல்லாம் ஆளே இல்லைம்மா, எப்பவும் இருந்ததில்லை என்பார்கள். நம்ம பிள்ளைகள் கையெழுத்தையே எடுத்துக் காட்டுவார்கள்.

"அக்கா." டீச்சர் கண்ணைத் திறக்காமலே கூப்பிட்டாள். "சரின்னு சொல்லிருங்கக்கா." மயிலாத்தாள் பெயிண்ட்டைச் சுரண்டுவதை நிறுத்தவில்லை. "நான் என்ன பேருக்கா பாடம் எடுத்தேன்? பிள்ளைகளுக்கு மார்க்கு வந்தா போதும். உதவியாளர்னா உதவியாளர். மில்லுல என்னைய நாலாம் நம்பர் மெசினுன்னுதான் கூப்பிட்டாக, அதுக்கும் குரல் குடுத்துட்டுத்தான் இருந்தேன்." சொல்லிவிட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்பு மயிலாத்தாளின் தலைக்குள் எதையோ பற்றவைத்தது. "வாய மூடு அம்மிணி." "நான் என்ன தப்பாச் சொன்னேன்?" "நாலாம் நம்பருன்னு கூப்பிட்டதுக்குக் குரல் குடுத்த பாரு, அது தப்பு. ஒருக்காக் குடுத்தா அப்பறம் ஊரே கூப்பிடும்." டீச்சர் கண்ணைத் திறந்தாள். கண் ஓரம் ஈரம் இருந்தது, அழுததாலா, வெகுநேரம் மூடியிருந்ததாலா, தெரியவில்லை. "அப்ப என்ன செய்யச் சொல்லுதிய? மௌனிகாவ எண்ணிப் பாருங்க. அவ என் வகுப்புலயே முதல் பிள்ள. எம்பேருக்காக அவ வீட்டுல உக்காரணுமா? அந்தப் பாவத்த என் தலையில போடாதீக." இதுதான் கண்ணி, இந்த இடத்துக்குத்தான் ஒவ்வொரு முறையும் சுற்றிச் சுற்றி வந்து நிற்க வேண்டியிருந்தது. செக்கு மாடு மாதிரி, எந்தப் பக்கம் கிளம்பினாலும் மௌனிகாவில் வந்து முட்டியது. டீச்சர் பையிலிருந்து டப்பாவை எடுத்துத் திறந்தாள். எலுமிச்சைச் சோறு, புளிப்பு வாசனை நடை முழுக்கப் பரவியது. "ரெண்டு வாய் சாப்பிடுங்கக்கா, வெறும் வயித்தோட கோவப்பட்டா தல சுத்தும்." ஒரு உருண்டையை வாங்கி வாயில் போட்டு மென்றாள். நாக்கில் உப்பும் காரமும் தெரியவில்லை. சந்தையில் இப்படி ஒருநாளும் திணறியதில்லை. அங்கே எதிரில் நிற்கிறவனின் முகம் தெரியும், கண் எங்கே போகிறது, கை எப்போது இடுப்புக்குப் போகிறது, எந்த நேரத்தில் இறங்குவான் என்று தெரியும். இங்கே யாரோடு பேசுகிறேன்? பரந்தாமன் விற்கிறவனும் இல்லை, வாங்குகிறவனும் இல்லை, இடையில் நிற்கிற தரகன். துண்டுக்குள்ளே கையை விட்டு என் விரலைப் பிடித்து ரகசியமாக விலை சொல்கிறான், வெளியே தெரியாமல் முடித்துக்கொள்ளலாம் அம்மா என்கிறான், அந்தப் பக்கத்துக் கை யாருடையது என்று மட்டும் சொல்ல மாட்டான். நீதான் அந்தக் கை. உன்னைக் காட்டாமலே என் பிள்ளையையும் இந்தப் பொம்பளையையும் எதிரெதிரே நிற்கவைத்து, நீங்களே ஒருத்தரை ஒருத்தர் கழித்துக்கொள்ளுங்கள் என்று விட்டுவிட்டாய். இவள் பேரா, அவள் படிப்பா என்று நான் ஏன் பொறுக்க வேண்டும்? இரண்டும் எங்களுடையது. ஒன்றைக் கொடுத்து ஒன்றை வாங்க அது என்ன உன் சொத்தா? இத்தனை நேரம் தன்னுடைய இரண்டு மாட்டில் எதை விடுவது என்று யோசித்துக்கொண்டிருந்தவளுக்கு, தான் விற்க வரவே இல்லை என்பது இப்போதுதான் உறைத்தது. பயம் போகவில்லை. வேன் ஜன்னல் அப்படியேதான் இருந்தது, அதில் மௌனிகாவின் கையும் அப்படியேதான். ஆனால் பயத்துக்கு இப்போது ஒரு திசை இருந்தது.

செருப்புச் சத்தம், இந்த முறை அவரேதான். பல்லைக் குத்திக்கொண்டு வந்த பரந்தாமன் இவர்களைப் பார்த்ததும் குச்சியை மறைத்துக்கொண்டு, "வாங்கம்மா, உள்ள வாங்க" என்றார். டீச்சர் வாசலிலேயே ஒதுங்கி நின்றாள். "உள்ள வா அம்மிணி, வந்து உக்காரு" என்று அவளைக் கையைப் பிடித்து இழுத்து மேசைக்கு நேர் எதிரான நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு, இவள் பக்கத்தில் நின்றுகொண்டாள். "சொல்லுங்கம்மா, யோசிச்சீங்களா? நான் அந்தப் பேராசிரியர்கிட்டப் பேசிட்டேன், அவருக்கு ஆட்சேபணை இல்ல." "அவருக்கு எப்படீங் இருக்கும், ஒருநாளும் மலையேறாம டீச்சராயிட்டாரு." பரந்தாமன் சிரிப்பதா வேண்டாமா என்று பார்த்தார். "எங்க பிள்ளைக அந்தக் கையெழுத்தப் போட மாட்டாங்க சார்." டீச்சரின் கை இவள் முந்தானையைப் பிடித்து இழுத்தது, "அக்கா, வேண்டாம்." இவள் அந்தக் கையின் மேல் தன் கையை வைத்து அமுக்கினாள். "அப்ப மார்க் போயிருமேம்மா. உங்க பொண்ணும் அதில இருக்கா இல்ல?" "இருக்கறா. அதனாலதான் கேக்கறன். அந்த வரிய எழுதுனது யாருங்க?" "எந்த வரிம்மா?" "இவங்களுக்குத் தகுதியில்லைன்னு சொல்ற வரி." "அது... மேல இருந்து வந்ததும்மா." "மேலன்னா மூணாவது மாடியா?" "இல்லம்மா, கமிட்டி." "கமிட்டிக்கும் ஆளுக இருப்பாங்கல்ல, அவிங்களுக்கும் அப்பன் ஆயி பேரு வெச்சிருப்பாங்கல்ல." "யாருன்னு எனக்கே தெரியாதும்மா, உண்மையா." அவர் பொய் சொல்லவில்லை என்று மயிலாத்தாளுக்குத் தெரிந்தது. சந்தையில் பழகின கண்ணுக்கு அது தெரியும். அந்த ஆள் முகத்தில் ஒரு கணம் ஒரு களைப்பு வந்து போனது, அவரும் எங்கேயோ இப்படி ஒரு கதவுக்கு வெளியே உட்கார்ந்திருந்தவராக இருக்கலாம். "தெரியாட்டிப் போகுது. கேட்டுச் சொல்லுங். சொல்ற வரைக்கும் இருக்கறோம்." "இன்னைக்கு முடியாதும்மா." "நாளைக்கு வர்றோம். பதினேழு பேரையும், பெத்தவிங்களையும் கூட்டிட்டு வர்றோம். கத்த மாட்டம் சார், என்ற மக சொல்லித் தாட்டி உட்டிருக்கறா. சும்மா உக்காந்திருப்போம்." பரந்தாமன் மேசைமேல் காகிதம் பறக்காமல் வைத்திருந்த கண்ணாடிக் குண்டை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார். பிறகு தொலைபேசியை எடுத்து, யாரையோ, பிறகு அவருக்கும் மேலே யாரையோ கேட்க ஆரம்பித்தார். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை, மறுபடி அழைத்தார். டீச்சர் தலையைக் குனிந்துகொண்டிருந்தாள், கண்ணீர் மூக்கு நுனிக்கு வந்து மடியில் விழுந்தது, துடைக்கவில்லை. என் பிள்ளையை வைத்து விளையாடுகிறேனோ, அய்யோ, எடுக்காமலே விட்டுவிட்டால் என்ன செய்வேன் என்று மயிலாத்தாள் மேசை விளிம்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். பிடித்துக்கொண்டு, அடித்துக்கொண்டே இருக்கிற அந்த மணியின் மறுமுனையைப் பார்த்துச் சொன்னாள், மனசுக்குள் என்றுதான் நினைத்தாள், ஆனால் பரந்தாமன் நிமிர்ந்து பார்த்ததில் வாய்விட்டே சொன்னது தெரிந்தது: எடு. எங்க இருந்தாலும் எடு. நீ எழுதுனத அடிக்கத் தரகன அனுப்பாத, வேற ஒருத்தன் பேரக் குடுத்தனுப்பாத. நீயே வா. பஸ்ஸு வராத நாள்ல நடந்து மேல ஏறி வா, இவ வகுப்புல ஒரு பீரியடு உக்காரு, உக்காந்துட்டு எந்திரிச்சு இந்தப் பொம்பளைக்குத் தகுதியில்லைன்னு இவ மூஞ்சியப் பாத்துச் சொல்லு. சொல்ல முடியலைன்னா அந்த வரிய எழுதுன கையாலயே அடிச்சுடு. பிள்ளைக மார்க்கப் பிள்ளைகளுக்குக் குடு, எஸ்தர்ராணின்னு இவ பேர இவ பேராவே எழுது. எங்களால ஆகறதெல்லாம் நாங்க பண்ணியாச்சு. மிச்சம் உன்னுது. சரி பண்ணு.